கதை மட்டும் கேட்காதீர்கள்

1967இல் வந்த ‘கேசினோ ராயல்’ படத்தை மூன்று முறை பார்த்துவிட்டேன். முதல் முறை பாதியில் கண்ணயர்ந்து போனேன். முழித்ததும், “எதுவரைக்கும் வந்திருக்கு?” என்று மனைவியைக் கேட்டேன். “நான் தூங்காமத்தான் பார்த்தேன். எனக்கும் தெரியலை” என்றாள்.

அவள்மேல் தப்பில்லை. படத்தில் பெயர் வரும் இயக்குநர்களே ஐந்து பேர். ஊர் கூடித் தேர் இழுக்கலாம்தான். ஆளுக்கொரு வடத்தை ஆளுக்கொரு தெருவுக்கு இழுத்தால் தேர் எப்படி நிலைக்கு வரும்?

ஷான் கானரியின் பாண்ட் படங்கள் சக்கைப்போடு போட்ட காலம். ‘கேசினோ ராயல்’ என்ற ஒரு பாண்ட் நாவலின் உரிமை மட்டும் சார்லஸ் ஃபெல்ட்மன் என்ற தயாரிப்பாளர் கையில் இருந்தது. அவர் அதைக் கேலிப்படமாக்கிவிட்டார். செலவு ஏறக்குறைய 1.2 கோடி டாலர்.

ஓய்வுபெற்ற அசல் பாண்டாக டேவிட் நிவன். எதிரியைக் குழப்ப, எல்லா உளவாளிகளுக்கும் ஜேம்ஸ் பாண்ட் என்றே பெயர் வைக்கிறார். எதிரி குழம்பினானோ இல்லையோ, நான் குழம்பினேன். என் வகுப்பில் நான்கு செந்தில்குமார்கள் இருந்தார்கள். வாத்தியார் இனிஷியலை வைத்துச் சமாளித்தார். இங்கே அதற்கும் வழியில்லை.

குண்டுவெடிப்பில் உளவுத்துறைத் தலைவர் போய்ச்சேர, மிஞ்சியது அவருடைய டோப்பா மட்டும். நிவன் அதைப் பத்திரமாக ஸ்காட்லாந்துக்கு எடுத்துப்போகிறார், விதவையிடம் ஒப்படைக்க! அதற்கே டிக்கெட் காசு சரியாகிவிடும்.

சீட்டாட்ட மேஜையில் எதிரெதிரே பீட்டர் செல்லர்ஸும் ஆர்சன் வெல்ஸும். நிஜத்தில் இருவருக்கும் ஆகவே ஆகாது. பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகளைத் தனித்தனிப் பந்தியில் உட்கார வைப்பதுபோல, அந்தக் காட்சியைப் பெரும்பாலும் தனித்தனியாகவே எடுத்தார்கள். பிறகு செல்லர்ஸ் வேலை முடியும் முன்பே கிளம்பிவிட்டார். கிழிசலை ஒட்டுப்போடும் பொறுப்பு இயக்குநர் வால் கெஸ்ட் தலையில் விழுந்தது. ‘ஒருங்கிணைப்பு இயக்குநர்’ என்று பெயர் போட முன்வந்தார்களாம். மனிதர் வேண்டாமென்று கும்பிடு போட்டுவிட்டார். விவரமானவர்.

வில்லன் உடி ஆலன். பெண்களை அழகாக்கி, நாலரை அடிக்கு மேற்பட்ட ஆண்களைக் கொல்லும் கிருமியைப் பரப்புவது அவர் திட்டம். ஐந்தடி இரண்டங்குலக்காரனான எனக்கு முதலில் அவர்மேல் அனுதாபம்தான் வந்தது. கணக்குப் போட்டதும் போய்விட்டது.

கடைசியில் சூதாட்ட விடுதியே வெடித்து எல்லோரும் மேலே போகிறார்கள். முடிக்க வேறு வழி அவர்களுக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது.

பர்ட் பகராக் இசையில் டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்ட் பாடிய ‘தி லுக் ஆஃப் லவ்’ ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. அந்தப் பாட்டுக்காகவாவது பாருங்கள். கதை பிடிபட்டால் ஒரு வரி எழுதிப்போடுங்கள். வீட்டில் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.