குடித்தது தெரியலாம், படித்தது தெரியலாகாது

அமெரிக்காவில் 1974-இல் இயற்றப்பட்டு, ஃபெர்பா என்று சுருக்கமாக அழைக்கப்படும் சட்டத்தின்படி, ஒருவர் கல்லூரியில் சேர்ந்ததுமே, அவருக்கு 17 வயதுதான் என்றாலும், மதிப்பெண் உள்ளிட்ட கல்விப் பதிவுகளின் மீதான உரிமை பெற்றோரிடமிருந்து அவர் கைக்கு மாறிவிடுகிறது. ஆகவே, கடன் வாங்கிக் கட்டணம் கட்டும் தந்தைக்கு ரசீது உண்டு. மகன் கணக்கில் தேறினானா என்று கேட்டால் அலுவலரின் புன்னகை மட்டுமே உண்டு. வரிப் படிவத்தில் மகனைத் தம்மைச் சார்ந்தவனாகக் காட்டியிருந்தால் கல்லூரி மனமிரங்கலாம், இரங்காமலும் இருக்கலாம். ஆனால் 21 வயது நிரம்பாத அதே மகன் மது தொடர்பான விதியை மீறினால், அதைப் பெற்றோரிடம் சொல்ல 1998-ஆம் ஆண்டுத் திருத்தம் கல்லூரிக்கு இடமளிக்கிறது. இதற்கிடையே, ‘டைரக்டரி தகவல்’, அதாவது வெளியிட்டால் தீங்கில்லை என்று கருதப்படும் விவரம், என்ற பெயரில், மாணவர் மறுப்பு எழுதித் தராதவரை, அவருடைய முகவரியையும் தொலைபேசி எண்ணையும் பிறந்த நாளையும் முன்பின் அறியாதவருக்கும் கல்லூரி வழங்கலாம். மதிப்பெண்ணே வெளியே கசிந்தாலும், இச்சட்டத்தைக் காட்டி மாணவர் வழக்குத் தொடுக்க முடியாதென 2002-இல் கொன்சாகா பல்கலைக்கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டதால், பூட்டு மாணவருடையதாகவும் சாவி அரசுடையதாகவும் இருக்கும் இந்த ஏற்பாட்டிற்கே தனியுரிமை என்று பெயர்.