சூட்டை எங்கன கொண்டு விடுவீரு, மருமவனே?

நீரு வரைஞ்ச படத்தைப் பாத்தேன்வே மருமவனே. அம்சமா இருக்கு. பிளேஸ்டேஷன் ஆறு எப்படி இருக்கும்னு சோனிக்காரனே இன்னும் வாயைத் தொறக்கல, உம்ம நோட்டுல அதுக்குக் காதுகுத்தே முடிஞ்சிட்டு. ஓரமெல்லாம் நீல லைட்டு, நெஞ்சுல கண்ணாடி, நிக்கதுக்கு வெள்ளிக் கால். கூடத்துல வச்சா தெருவே வந்து பாத்துட்டுப் போவும். எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். காத்து உள்ள வர வழி எங்கன, வெளிய போற வழி எங்கன?

கோவிச்சுக்கிடாதேயும். உம்ம மாமன் பம்புசெட்டு மோட்டாருக்குக் காயில் கட்டியே தலை நரைச்சவன். பெரிய படிப்புக் கிடையாது. சிப்போட வேகத்தை டெராஃபிளாப்புன்னு நீரு மொதல்ல சொன்னப்போ ஏதோ படம் ஓடலன்னு நினைச்சு வருத்தப்பட்டேன். ஆனா காயில் கருகுற வாசம் தெருமுனையில வரும்போதே எனக்குத் தெரியும். கரண்டு குடிக்கிற எந்த சாமானும் குடிச்சதைச் சூடாத்தான் கக்கும். மோட்டாராவது கொஞ்சம் தண்ணி இறைச்சுக் குடுக்கும். உம்ம பெட்டி என்னத்தை இறைக்குது? விளையாட்டு மும்முரத்துல அது 200 வாட்டு இழுக்குதுன்னா, அந்த 200 வாட்டும் சூடா உம்ம ரூமுக்குள்ளதான் வந்து உக்காரும். டிவிக்குப் போற படம் கணக்குல சேராத பொடிசு.

இப்ப உள்ள பிளேஸ்டேஷன் அஞ்சை சோனி எஞ்சினியர் யாசுஹிரோ ஓட்டோரி 2020 அக்டோபர்ல பிரிச்சுக் காட்டின வீடியோவை நீருதான் எனக்குப் போட்டுக் காமிச்சீரு. நீரு சிப்பைப் பாத்தீரு, நான் மத்ததைப் பாத்தேன். 120 மில்லிமீட்டர் அகலம், 45 மில்லிமீட்டர் தடிமன், ரெண்டு பக்கமும் காத்தை இழுக்கிற ஃபேன் ஒண்ணு. அதுக்குக் கீழ பெட்டியில பெரும் பாகத்தை அடைச்சுக்கிட்டு ஹீட் சிங்க். சிப்புக்கும் அதுக்கும் நடுவுல பேஸ்டுக்குப் பதிலா லிக்விட் மெட்டல். அது ஓடுற உலோகம்வே, கரண்டையும் கடத்தும். ஒரு சொட்டு இடம் மாறி போர்டுல விழுந்தா சோலி முடிஞ்சுது. அதைத் தப்பாம கட்டிப்போட ரெண்டு வருசத்துக்கு மேல மெனக்கெட்டாங்களாம். 39 சென்டிமீட்டர் உசரத்துல, நாலரைக் கிலோ எடையில அந்தப் பெட்டி வந்தப்போ உலகமே சிரிச்சுது. நான் சிரிக்கல. சூட்டுக்குப் பயந்தவன் கட்டின வீடு அது. சிப்பு உள்ளங்கையில அடங்கும், சூட்டைத் துரத்துற சாமானுக்குத்தான் அத்தனை இடமும்.

உம்ம படத்துல பெட்டி பரோட்டாக்கல்லு தடிமன்கூட இல்ல. சரி, இருக்கட்டும். சின்ன வயசு, ஆசைப்படுதீரு.

பயப்படாதவன் கதையும் இருக்கு, கேளும். மைக்ரோசாஃப்ட் 2005 நவம்பர்ல எக்ஸ்பாக்ஸ் 360-ஐ எறக்குனான். ஒல்லியா, இடுப்பு வளைஞ்சு, பாக்க லட்சணமான பெட்டி. கொஞ்ச நாள்லயே முன்பக்கம் சிவப்பு வளையம் எரிய ஆரம்பிச்சிட்டு. எரிஞ்சா பெட்டி செத்துதுன்னு அர்த்தம். 2007 ஜூலையில வாரண்டியை மூணு வருசமா நீட்டி, ரிப்பேருக்குன்னு 100 கோடி டாலருக்கு மேல எடுத்து வச்சான். காரணம் என்னன்னு பின்னால அவனே சொன்னான்: ஆன் பண்ணும்போது சூடாகி, ஆஃப் பண்ணும்போது ஆறி, திரும்பச் சூடாகி, சிப்புக்கு அடியில உள்ள இணைப்பு விட்டுப்போச்சு. சூடா இருந்ததால மட்டும் சாவல, சூடும் குளிரும் மாறி மாறி வந்து செத்துது. இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துட்டு. அமெரிக்காவுல பையன் வெளையாடி முடிச்சாத்தான் ஆஃப் பண்ணுவான். நம்ம ஊர்ல ஆடிக்காத்து அடிச்சா ஆஃப் பண்ண ஆளே வேண்டாம்லா.

தென்காசி கோயில் ராஜகோபுரத்தடியில நின்னிருக்கீரா? செல்போனைப் பாக்காம நின்னிருக்கீரான்னு கேக்கேன். வாசலுக்கு வார வரைக்கும் பொதிகைக் காத்து எதுத்து வந்து மூஞ்சியில அடிக்கும். கோபுரத்தைத் தாண்டி உள்ள காலெடுத்து வச்சீருன்னா அதே காத்து முதுகைப் பிடிச்சு சாமிகிட்டத் தள்ளும். பராக்கிரம பாண்டியன் பதினஞ்சாம் நூற்றாண்டுல கட்டின கோயிலு. கோபுரம் இடையில சிதைஞ்சு ரொம்பக் காலம் மொட்டையா நின்னு, 1990-லதான் திரும்ப எழும்பிச்சு. காத்து எங்கன முட்டும், எங்கன திரும்பும்னு கல்லுலயே காட்டி வச்சிருக்கான். நீரு அந்த வாசல்ல நின்னு செல்ஃபி எடுத்துட்டு வந்து, ஓட்டையில்லாத பெட்டி வரையுதீரு.

போன சாரல் சீசன்ல மேலகரத்துப் பய ஒருத்தன் ஒரு கேம் பெட்டியைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு நம்ம கடைக்கு வந்தான். எந்தக் கம்பெனின்னு சொல்ல மாட்டேன், ஊர்ப்பகை எனக்கெதுக்கு. “தாத்தா, ஏரோப்ளேன் சத்தம் போடுது, அப்புறம் அணைஞ்சு போவுது”ன்னான். தொறந்து பாத்தேன். ஹீட் சிங்க் தகட்டுக்கு இடையில தூசி இறங்கி, சாரல் ஈரத்துல ஊறிக் கெட்டிப்பட்டுக் கிடந்துச்சு. ஊசியால நெம்பினா துண்டு துண்டா பெயர்ந்து வருது. ஃபேன் பாவம், மூச்சு முட்டிச் சுத்துது. பவர் சப்ளைப் பக்கம் வெதுவெதுன்னு இருக்கும்லா, அங்கன கரப்பான் குடும்பமே குடியிருக்கு. முட்டைக்கூடு டிரான்ஸ்பார்மர் ஓரமா வரிசையா ஒட்டியிருக்கு. ஜூன், ஜூலையில குத்தாலத்துல மனுசனுக்குக் குளிருது, பூச்சிக்குக் குளிராதா? பெயிண்ட் பிரஷ்ஷை வச்சுத் தூத்து, தகட்டை ஊதி, பேஸ்டு மாத்தி, திரும்ப மூட்டிக் குடுத்தேன். சத்தமே இல்ல. பய போகும்போது கேட்டான்: “இதுல எத்தனை எஃப்பிஎஸ் கூடும் தாத்தா?” கரப்பான் எத்தனை போச்சோ அத்தனை கூடும்னு சொல்லி அனுப்புனேன்.

ஆகையினால அடுத்த பெட்டிக்கு உம்ம மாமன் குடுக்கிற முதல் யோசனை: கழட்டித் துடைக்க ஒரு சல்லடை வையும். சோனிக்காரன் தூசி போய்த் தங்குறதுக்கு ரெண்டு குழி வச்சு, வாக்குவம் கிளீனரை வச்சு உறிஞ்சிக்கோன்னான். நல்ல புத்தி. ஆனா வாக்குவம் கிளீனருக்கு மேலகரத்துல எங்க போவான்?

கண்ட்ரோலருக்கு வாரும். நீரு தங்கக் கலர் அடிச்சிருக்கீரு. குச்சி தானா ஒரு பக்கம் இழுக்குது, ஆளு தானா சுவத்துல போய் முட்டுதான்னு வாரத்துக்கு ஒருக்கா பொலம்புவீரே, அதுக்கு என்ன வழி வச்சிருக்கீரு? ஒண்ணும் காணோம். அந்தக் குச்சிக்கு அடியில இருக்கது வேற ஒண்ணுமில்ல, பழைய ரேடியோவுல வால்யூம் திருகுனா கரகரன்னு கேக்கும்லா, அதே சாமான். கார்பன் தடத்து மேல தகடு உரசும், உரசி உரசித் தேயும். காந்தம் வச்சு ஹால் சென்சார் போட்டா உரசலே கிடையாது. சேகா கம்பெனிக்காரன் ட்ரீம்காஸ்ட் குச்சியிலயே, போன நூற்றாண்டுலயே, அதை வச்சிட்டான். அவன் கன்சோல் வியாபாரத்தை விட்டான், காந்தமும் கூடப் போயிட்டு. நிண்டெண்டோ 2025 ஜூன்ல எறக்குன ஸ்விட்ச் 2-லயும் அதைப் போடல. ஒருவேளை குச்சி தேஞ்சாத்தான் புதுக் குச்சி விக்கும்னு கணக்கோ என்னவோ, நான் ஏன் வாயைக் குடுக்கணும்.

சிப்பு விசயத்துல நீரு புலி. ஒத்துக்கிடுதேன். 2025 அக்டோபர்ல சோனியோட மார்க் செர்னியும் ஏஎம்டியோட ஜாக் ஹுயினும் உக்காந்து பேசின வீடியோவை நீரு எனக்கு வரிவரியா வெளக்குனீரு. ப்ராஜெக்ட் அமெதிஸ்ட்னு பேரு. மூணு சரக்கு. நியூரல் அரேஸ்: தனித்தனியா வேலை பாக்கிற கணக்குப்பிள்ளைகளை ஒரே வரிசையில சேத்து உக்கார வச்சு, ஏஐ வேலையைச் சேந்து செய்யச் சொல்லுதது. ரேடியன்ஸ் கோர்ஸ்: வெளிச்சம் எங்க பட்டு எங்க தெறிக்குதுன்னு பாக்கிறதுக்குன்னே தனி ஆளு. யுனிவர்சல் கம்ப்ரஷன்: மெமரிக்குப் போற எல்லாத்தையும் நசுக்கிச் சுருக்கி அனுப்புதது. இது எல்லாமே அப்போதைக்கு சிமுலேஷன்லதான் இருக்கு, இன்னும் சில வருசத்துல வார கன்சோல்ல பாக்கலாம்னு செர்னியே சொன்னாரு.

நீரு “எவ்வளவு பவரு மாமா!”ன்னீரு. நான் வேற மாதிரி கேட்டேன். மூணுமே என்ன சொல்லுது? இனிமே சிப்பைப் பெருசாக்கி, கரண்டைக் கூட்டி, முட்டி மோதி ஜெயிக்க முடியாது, பட்ஜெட்டும் இடிக்கு, சூடும் இடிக்குன்னு சொல்லுது. எல்லாப் புள்ளியையும் கணக்குப் போட்டு வரையாம பாதியை வரைஞ்சு மீதியை ஏஐ-யை விட்டு ஊகிக்கச் சொல்லுதான். உம்ம பரீட்சைப் பேப்பரை நீரு எழுதுற முறைதான், ஆனா அவன் பாஸாயிருவான்.

அதோட 64 ஜிபி ரேம்னு எழுதியிருக்கீரு. இப்ப உள்ள பெட்டியில 16. கை தாராளம் உமக்கு. ஏஐ டேட்டா சென்டர்காரன் மெமரியை லாரி லாரியா அள்ளிட்டுப் போறான், 2025 கடைசியில ரேம் விலை ஏணி வச்சு ஏறிட்டு. பிளேஸ்டேஷன் அஞ்சு 2021 பிப்ரவரியில நம்ம நாட்டுக்கு வரும்போது 49,990 ரூவா. அதுக்கே என் தங்கச்சி கழுத்துல கிடந்த செயின் அடகுக்கடைக்குப் போய்த் திரும்புச்சு. உம்ம பெட்டி வந்தா செயின் திரும்பாது, தங்கச்சி என் வீட்டுக்கு வந்துருவா.

அடுத்தது நீரு நினைச்சே பாத்திருக்க மாட்டீரு. பிளேஸ்டேஷன் அஞ்சு ப்ரோ 2024 நவம்பர்ல உலகத்துக்கெல்லாம் வந்துச்சு, இந்தியாவுக்கு வரல. ஏன்? விலையா? இல்ல. அதுல வச்ச வைஃபை 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில பேசுது, நம்ம நாட்டுல அந்த அலைவரிசையை அப்ப வைஃபைக்குத் தொறந்து விடல. 2025 மே மாசம்தான் அதுல கீழ்ப்பகுதியைத் தொறக்க வரைவு விதி போட்டாங்க. பாத்தீரா? சிப்பு சரி, ஃபேன் சரி, நகம் அளவு ரேடியோச் சாமான் வாசல்லயே மறிச்சிட்டு. உம்ம படத்துல வைஃபை 8-னு நட்சத்திரம் போட்டிருக்கீரு. டெல்லியில யாரையாவது தெரியுமா உமக்கு?

சிப்பையே நம்ம ஊர்ல செஞ்சிருவோம்னு வேற ஒரு வரி எழுதியிருக்கீரு. மத்தளம்பாறையில ஜோஹோ கம்பெனி இருக்கே, ஸ்ரீதர் வேம்பு சைக்கிள்ல போறாரே, அவரைப் போய்ப் பாப்போம்னு உம்ம நினைப்பு. அவங்களும் 70 கோடி டாலர்ல சிப்பு செய்யலாம்னு திட்டம் போட்டு, தொழில்நுட்பப் பாதை மேல முழு நம்பிக்கை வராம அரசாங்கப் பணத்தை வாங்கப்படாதுன்னு 2025 மே மாசம் நிறுத்தி வச்சிட்டாங்க. கோடீசுவரன் யோசிக்கான். நீரு பென்சிலைச் சீவிட்டு ஆரம்பிச்சிட்டீரு. ஐஐடி மெட்ராஸ்ல சக்தின்னு நம்ம ஆளுகளே வடிவமைச்ச பிராசஸர் இருக்கு, அதைக் கத்துக்கிடும், வேண்டாம்னு சொல்லல. அதுல கார் ரேஸ் ஓட்டணும்னு அடம்பிடிக்காதேயும்.

இதைக் கேட்டு மனசு விட்றாதேயும்வே. ஜப்பான்ல குன்பேய் யோகோய்னு ஒரு மனுசன் நிண்டெண்டோவுல இருந்தாரு. புதுச் சரக்கு பின்னால ஓடாதே, ஊரெல்லாம் புழங்கி விலை எறங்கின சரக்கை எடுத்து வேற விதமா யோசிங்கிறதுதான் அவரு வழி. 1989-ல கேம் பாய் வந்துச்சு. கலர் கிடையாது, திரைக்குப் பின்னால லைட்டு கிடையாது, பச்சை பாஞ்ச சின்னத் திரை, நாலு பென்சில் பேட்டரி. அதே வருசம் அட்டாரி லிங்க்ஸ் கலரோட, லைட்டோட, ஆறு பேட்டரியோட வந்துச்சு. பேட்டரியைக் குடிச்சுத் தீத்துட்டு நிப்பான். கேம் பாயும் அதோட தம்பி கேம் பாய் கலரும் சேந்து 11.8 கோடிக்கு மேல வித்துச்சு. லிங்க்ஸைப் பத்தி இந்தத் தெருவுல யாரையாவது கேட்டுப் பாரும்.

நம்ம பக்கம் தொண்ணூறுகள்ல டிவி-கேம்னு ஒண்ணு வந்துச்சே, உம்ம அம்மாகூட ஒளிஞ்சு விளையாடுவா. நிண்டெண்டோ 1983-ல செஞ்ச பெட்டியோட நகல். உள்ள தொறந்தா பச்சைப் போர்டுல ஒரு கறுப்புக் கட்டி மட்டும் ஒட்டியிருக்கும், மொத்தச் சங்கதியும் அதுக்குள்ள. கேசட்டு வேலை செய்யலன்னா பயலுவ ஊதுவானுவ. ஊதுனா எச்சி ஈரம் பட்டு நாளாவட்டத்துல செம்பு பச்சைப் பிடிக்கும். நான் பள்ளிக்கூடத்து அழிரப்பரை வச்சுக் கேசட்டு முனையைத் தேய்ச்சு விடுவேன், பளிச்சுன்னு படம் வரும். எட்டணா ரப்பருக்கு ஒரு வேலை. உம்ம பெட்டியில டிஸ்க்கும் கிடையாது, கேசட்டும் கிடையாது, எல்லாம் மேகத்துல இருந்து வரும்னு எழுதியிருக்கீரு. சாரல் மாசத்துல மேகத்துல இருந்து என்ன வரும்னு எனக்குத் தெரியும். நெட்டு வராது.

இனி உம்ம இஷ்டம். படத்தைத் திருத்துறதா இருந்தா ரெண்டு சங்கதி. டிவிக்குப் போற எச்டிஎம்ஐ குழியைத் தாய்ப் போர்டுல பத்த வைக்காம தனிச் சின்னப் போர்டுல வையும். வயர்ல கால் தட்டி இழுத்து உடையிறது அதுதான் முதல்ல. தனியா இருந்தா மாத்தி மாட்ட அரை மணி நேரம். தாயோட ஒட்டியிருந்தா ஹாட் ஏர் கன்னைப் பிடிச்சு அக்கம்பக்கத்துச் சாமான் பறக்காம எடுக்கதுக்குள்ள எனக்கு உசுரு போவுது. அப்புறம் ஸ்க்ரூ. இப்ப உள்ள பெட்டியில நட்சத்திர வெட்டு போட்டு, நடுவுல முளை வேற வச்சிருக்கான். அதுக்குன்னு தனி டிரைவர் வாங்கி வச்சிருக்கேன், அதையும் நீருதான் எடுத்துட்டுப் போய் எங்கயோ போட்டீரு. உம்ம பெட்டிக்கு நாலு வெட்டு சாதா ஸ்க்ரூ போட்டு, படத்தைச் சோனிக்கு அனுப்பும். என்ன பதில் எழுதுதான்னு எனக்கு வாசிச்சுக் காமியும். பதில் வாரதுக்கு முன்னால டிரைவரைத் தேடிக் குடும்.