கிழக்கே போகும் இட்லி: அம்பத்தூர், ஆவடி வட்டாரத்து நெடுந்தூர ரயில் ஆயத்தங்கள் பற்றிய ஓர் ஆய்வு

அம்பத்தூரில் மாலை 5 மணிக்கு வெந்த இட்லி, மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவப்பெற்று, எவர்சில்வர் டப்பாவில் அடைபட்டு, மின்சார ரயிலில் ஏறத்தாழ 15 கிலோமீட்டர் கிழக்கே போகிறது. சென்ட்ரலில் சற்றுக் காத்திருக்கிறது. பிறகு நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏறி, வந்த வழியே 15 கிலோமீட்டர் மேற்கே திரும்பி, தான் வெந்த அடுப்புக்குக் கூப்பிடு தூரத்தில் உண்ணப்படுகிறது. வீட்டிலேயே தின்றிருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் ரயிலில் போகாதவர்கள், அல்லது தாம்பரத்துக்காரர்கள்.

ஆய்வெல்லையை முதலில் வரையறுத்துவிடுவோம். கூடூர் வழியாக டெல்லிக்கும் ஹவுராவுக்கும் போகிற வண்டிகள் பேசின் பிரிட்ஜ் தாண்டியதும் வடக்கே பிரிந்துவிடுவதால் இங்கே சேரா. எழும்பூர் வண்டிகளைப் பற்றி எழும்பூர்க்காரர்கள் எழுதிக்கொள்ளட்டும். அரக்கோணம் மார்க்கமாக மேட்டுப்பாளையம், மங்களூர், திருவனந்தபுரம், ஆலப்புழை, மும்பை என்று போகிறவையே நம் பொருள். இவை வில்லிவாக்கம், கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயில், அண்ணனூர், ஆவடி என்று வரிசையாக நம் வீடுகளின் முதுகுப்பக்கமாகவே ஓடுகின்றன. ஓடுகின்றன என்ற சொல்லைக் கவனிக்க. பெரம்பூரில் நிற்பவை உண்டு, ஆவடியில் நிற்பவையும் சில உண்டு; மற்றவை கூவிவிட்டுப் போய்விடும்.

இது இன்று நேற்று வந்த வழக்கமன்று. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் போனதே இந்தத் தடத்தில்தான். சென்ட்ரல் திறந்தது 1873இல். மேற்கே போவதற்காகக் கிழக்கே போகும் மரபு, ஆக, சென்ட்ரலை விட மூத்தது. அடுத்து வரலாறு இவ்வட்டாரத்தில் தங்கியது 1955இல். அந்த ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, சோஷலிசப் பாணியில் சமுதாயம் அமைப்பது என்று தீர்மானம் போட்டது. அதே ஆண்டு அக்டோபர் 2 அன்று பெரம்பூரில் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையை நேரு திறந்துவைத்தார். இரண்டையும் இணைத்துப் பார்த்தவர் யாரும் இல்லை போலும். பார்த்திருந்தால் ஆர்.ஏ.சி. என்பதன் தத்துவப் பின்னணி விளங்கியிருக்கும்: பக்கவாட்டுக் கீழ்ப்படுக்கை ஒன்று, ஆள் இருவர், இரவு முழுக்கச் சம உரிமை. ஐ.சி.எஃப்.பில் ஆயுள் முழுக்கப் பெட்டி செய்து ஓய்வு பெற்ற கொரட்டூர்ப் பெரியவர், தான் திருகிய திருகாணிக்குக் கீழே, முன்பின் தெரியாத ஒருவரின் காலை மடியில் வைத்துக்கொண்டு ஈரோடு வரை விழித்திருக்க நேர்வதும் இதனால்தான்.

ஆயத்தம் தொடங்குவது முன்பதிவு திறக்கும் காலை 8 மணிக்கு. பயணத்துக்கு 60 நாள் முன்னதாக. 2024 நவம்பர் 1 வரை இது 120 நாளாக இருந்தது. அந்தப் பொற்காலத்தில் தீபாவளிக்கு ஊருக்குப் போவதா வேண்டாமா என்று ஆனி மாதத்திலேயே மாமியார் மருமகள் சண்டை முடிந்துவிடும். இப்போது ஆவணி வரை இழுக்கிறது. நாளைத் தவறவிட்டவர்களுக்கு முதல் நாள் காலை 11 மணிக்குத் தத்கால் உண்டு. அது பற்றி விரிவாக எழுத ஆய்வாளருக்கு மனநிலை இல்லை.

டிக்கெட் கையில் வந்ததும் குடும்பத்தின் மூத்த ஆண் செய்வது ஒரு வகுத்தல் கணக்கு. படுக்கை எண்ணை எட்டால் வகுத்தால் மீதி 1 அல்லது 4 வந்தால் கீழ், 2 அல்லது 5 என்றால் நடு, 3, 6 மேல், 7 பக்கவாட்டுக் கீழ், மீதி இல்லையேல் பக்கவாட்டு மேல். பழைய 72 படுக்கைப் பெட்டியானாலும் புதிய 80 படுக்கைப் பெட்டியானாலும் இது பொய்க்காது. பள்ளிக்கூடத்தில் படித்த கணக்குகளில் பிற்காலத்தில் பயன்பட்டது இது ஒன்றுதான் என்று பலர் சாட்சி சொல்கிறார்கள். 43 என்ற எண் வந்தால் ஐந்தெட்டு நாற்பது, மீதி மூன்று, மேல் படுக்கை என்று அறிவித்துவிட்டு, முட்டிவலி உள்ள பெரியம்மாவை யாரும் பார்க்காமல் இருப்பார்கள். 45 வயதான பெண்களுக்கும் 60 வயதான ஆண்களுக்கும் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் வயதை உண்மையாகப் போட வேண்டும் என்பதால் சித்திகள் சிலர் மேலேயே ஏறிக்கொள்கிறார்கள். படுக்கை ஐந்து வகை என்றதும் ஐந்திணையோடு பொருத்திவிடக் கை துறுதுறுக்கும். பக்கவாட்டு மேல்தான் பாலை என்பதோடு அதை நிறுத்திக்கொள்கிறேன்.

படுக்கையின் மென்மை குறித்து ஓர் இடைக்குறிப்பு. முன்பு அது வெறும் பலகை. 1977 முதல் 1979 வரை ரயில்வே அமைச்சராக இருந்த மது தண்டவதே அதன்மேல் இரண்டு அங்குல நுரைமெத்தை போட வைத்தார். முதுகு உள்ள இந்தியர் அனைவரும் அவருக்குக் கடன்பட்டவர்கள். அவருக்குச் சிலை இருக்கிறதோ இல்லையோ, ஒவ்வொரு பெட்டியிலும் ஆட்கள் படுத்துக் கிடக்கிறார்கள், அதுவே அஞ்சலி.

இனி உணவு. வண்டியில் சாப்பாடு கிடைக்காது என்பதல்ல பிரச்சினை. பேன்ட்ரி உள்ள வண்டிகளில் 80 ரூபாய்க்குச் சைவச் சாப்பாடு வரும். பி.என்.ஆர். எண்ணைக் கொடுத்தால் வழியில் உள்ள நிலையத்திலிருந்து பிரியாணி இருக்கைக்கே வந்து நிற்கும். ஆனால் நம் வட்டாரத்துப் பெண்மணிகள் வெளிச்சாப்பாட்டைப் பொருளாதாரக் காரணங்களுக்காக மறுப்பதில்லை. எதிர் சீட்டுக்காரர்கள் முன்னால் வாங்கித் தின்பது குடும்பத்துக்குக் குறைவு என்பதாலேயே மறுக்கிறார்கள். பெட்டியின் ஒரு தடுப்பில் எட்டுப் பேர் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருப்பது ஒரு சபை. அங்கே வாழை இலையில் மடித்த இட்லி, புளியோதரை, உருளைக்கிழங்கு வறுவல், மறுநாள் காலைக்குச் சப்பாத்தியும் தக்காளித் தொக்கும் என்று ஒவ்வொரு டப்பாவாகத் திறக்கும்போது எதிர்ப்பக்கம் ஒரு மௌனம் விழ வேண்டும். “ஒண்ணு எடுத்துக்குங்கம்மா, நிறைய இருக்கு” என்று நாம் சொல்ல வேண்டும். “ஐயோ வேணாங்க, இப்பத்தான் சாப்பிட்டோம்” என்று அவர்கள் சொல்ல வேண்டும். அவர்கள் உண்மையிலேயே எடுத்துக்கொண்டால் கணக்கு உதைக்கும். ஆளுக்கு நாலு என்றுதான் வைத்திருக்கிறது. தயிர்சாதம் கடைசி. அதைத் திறந்துவிட்டால் பெட்டிக்கு விளக்கணைத்த மாதிரி.

டப்பா திறக்கும் நேரம் ஆய்வுக்குரியது. நீலகிரி எக்ஸ்பிரஸ் இரவு 9 மணியை ஒட்டிப் புறப்படுகிறது. நடுப்படுக்கையை 10 மணிக்குத் தூக்கி மாட்டும் உரிமை அதன் சொந்தக்காரருக்கு விதிப்படி உண்டு. தூக்கிவிட்டால் அதன் கீழே நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட முடியாது. டிக்கெட் பரிசோதகர் வந்து போக வேண்டும், பைகள் அடங்க வேண்டும், கை கழுவ ஒரு நடை. இவையெல்லாம் முடிந்து டப்பா திறக்கும்போது வண்டி சரியாக வில்லிவாக்கம் தாண்டிவிடுகிறது. முதல் விள்ளல் வாய்க்குள் போகும் இடம் அம்பத்தூர்.

அங்கேதான் இன்னொன்றும் நிகழ்கிறது. ஜன்னல் பக்கம் பையன் கத்துகிறான்: “அப்பா, நம்ம தெரு!” எல்லோரும் எட்டிப் பார்க்கிறார்கள். இருட்டில் ஒரு தண்ணீர்த்தொட்டி தெரிகிறது, அது நம்முடையதுதான் என்று ஏகமனதாக முடிவாகிறது. உடனே இல்லத்தரசியின் குரல்: “ஏங்க, பூட்டை இழுத்துப் பாத்தீங்களா?”

பூட்டு குறித்த ஐயம் சென்ட்ரலில் எழுவதில்லை, காட்பாடியில் எழுவதில்லை. வீட்டுக்கும் பயணிக்கும் இடைவெளி மிகக் குறையும் அந்தக் கணத்தில் எழுந்து, வண்டி வேகமெடுக்க வேகமெடுக்க வளர்கிறது. “இழுத்துப் பாத்தேன்.” “கேஸ்?” “மூடியாச்சு.” “மோட்டர்?” இந்த இடத்தில் கணவர் இட்லியைக் கீழே வைக்கிறார். தலைக்கு மேலே சங்கிலி தொங்குகிறது. தக்க காரணமின்றி இழுத்தால் 1989 ரயில்வே சட்டத்தின் 141ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மோட்டர் தக்க காரணமா என்பது பற்றிச் சட்டம் பேசவில்லை. ஆவடி தாண்டுவதற்குள் பக்கத்து வீட்டு அக்காவுக்குப் போன் போகிறது. அவர் போய்ப் பார்த்து, சத்தம் கேட்கவில்லை என்று சொன்னபின் இட்லி தொடர்கிறது.

பூந்தமல்லியாரின் நிலை தனி. அங்கே மின்சார ரயிலே கிடையாது. ஆனால் சென்ட்ரல் வாசலில் ஓடும் சாலையை, பெரியார் பெயர் வைத்த பிறகும், பழைய ஆட்கள் பூந்தமல்லி நெடுஞ்சாலை என்றுதான் சொல்கிறார்கள். அவர் அந்தச் சாலையிலேயே பேருந்தில் உட்கார்ந்து வந்துவிடலாம். அல்லது கரையான்சாவடி தாண்டி ஆவடிக்கு வந்து மின்சார ரயில் பிடிக்கலாம். முதல் வழியில் நெரிசல், இரண்டாவதில் படிக்கட்டு. இரு தரப்பும் ஒன்றையொன்று மூடர்கள் என்று கருதுகின்றன. இருவருமே வண்டி கிளம்ப ஒரு மணி நேரம் முன்னதாக வந்துவிடுகிறார்கள் என்பதே நமக்கு முக்கியம்.

ஏனென்றால் மேற்கே போகக் கிழக்கே போகும் சிக்கலுக்கு விடை அதில்தான் இருக்கிறது. பெரம்பூரில் ஏறலாமே, ஏறுமிடத்தை மாற்றிக்கொள்ள வசதி இருக்கிறதே என்று படித்த மருமகன் கேட்டபோது, திருமுல்லைவாயில் மாமா ஒருவர் சொன்ன பதில்: “மாப்ளே, சீட்டு உனக்குத்தான். சீட்டுக்கு அடியில உள்ள இடம் யாருக்கு?” இதற்கு மேல் ஆய்வுக்கு வேலை இல்லை. 60 நாள் முன்னதாகப் படுக்கைக்குப் பதிவு உண்டு, வயதுக்கு ஒதுக்கீடு உண்டு. கீழ்ப்படுக்கைக்கு அடியில் உள்ள இடத்துக்கு மட்டும் பதிவு இல்லை; முதலில் வந்தவர் தள்ளியது தள்ளியதுதான். ஸ்லீப்பரில் ஆளுக்கு 40 கிலோ இலவசம் என்கிறது விதி. நம் ஆட்கள் அதைச் சலுகையாக அன்றி இலக்காகக் கொள்கிறார்கள். பெரம்பூரில் ஏறுகிறவர் தன் சூட்கேஸைக் காலடியில் வைத்துக்கொண்டு, விடியும் வரை முழங்காலைத் தாடையில் முட்டுக் கொடுத்திருக்க வேண்டும். போதாக்குறைக்கு, ஏறுமிடத்தை மாற்றியவருக்குப் பழைய இடத்தில் ஏறும் உரிமையும் போய்விடுகிறது. ஆகவே நம் ஆட்கள் மின்சார ரயில்கள் வந்து நிற்கும் மூர் மார்க்கெட் வளாகத்தில் இறங்கி, சக்கரம் தேய்ந்த பெட்டிகளைச் சென்ட்ரலுக்குள் இழுத்துக்கொண்டு ஓடி, விளக்குப் போடாத வண்டிக்குள் முதலில் ஏறி, மூன்று சூட்கேஸ், ஒரு அரிசிமூட்டை, அப்பளக்கட்டு ஆகியவற்றை அடியில் செலுத்திவிட்டு நிமிர்கிறார்கள். இட்லியின் 30 கிலோமீட்டர் இதற்கான கூலி.

திரும்பும் பயணத்துக்கு இந்தக் கோட்பாடு பொருந்தாது. விடியற்காலையில் வண்டி மறுபடியும் அம்பத்தூரைக் கடக்கிறது, மறுபடியும் நிற்பதில்லை, இறக்கும்போது இடத்துக்குப் போட்டியும் இல்லை. சில நாள் சிக்னலுக்காக நம் வீட்டுக்கு எதிரிலேயே நின்றுவிடும். அப்போது பையோடு குதிக்கிற வீரர்களை இக்கட்டுரை கண்டிக்கிறது, பெயர் சொல்ல மறுக்கிறது. மற்றவர்கள் சென்ட்ரல் போய், மின்சார ரயிலில் திரும்பி, அம்பத்தூர் ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ கேட்கிறார்கள். ஆட்டோக்காரர் சொல்லும் தொகையைத் தூரத்தால் வகுத்து, ஸ்லீப்பர் கட்டணத்தோடு கிலோமீட்டர்வாரியாக ஒப்பிடும் பணி தொடங்கப்பட்டது. நிதி போதாமல் நிற்கிறது.