தாராளமா நிக்கும் சார்

"கார் நிக்குமா சார்?" என்று கேட்டு முடிப்பதற்குள் "தாராளமா" என்று வந்துவிடும். மஞ்சக்குப்பத்தில் மாடி போர்ஷன் வாடகைக்கு விடும் ஓனரோடு எனக்கிருக்கும் வழக்கே இந்த ஒரு சொல்தான்.

வாய்ச்சொல்லோடு விடமாட்டார். செருப்பைக் கழற்றி கேட்டருகே போட்டுவிட்டு, கட்டைவிரலோடு குதிகாலை ஒட்டி ஒட்டி வைத்துச் சுவர் வரை அளந்து காட்டுவார். "பதினாலு, பதினஞ்சு, பதினாறு. பாத்துக்குங்க, பதினாறு அடி!" ரிட்டயர் ஆகும்வரை சர்க்கார் ஆபீசில் இருந்தவர், அளவில் தப்பு வருமா என்று நானும் தலையாட்டினேன். அவர் செருப்பு 7ஆம் நம்பர் என்பதை அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான் கவனித்தேன். அந்தப் பாதம் 10 அங்குலம். டேப்பை வைத்தால் பதினாறு அடி, 13 அடி 4 அங்குலமாகச் சுருங்கிவிட்டது. என் வேகன் ஆர் 12 அடிதானே, போதாதா என்பீர்கள். கேட் உள்பக்கமாகத் திறக்கிறது.

2019இல் வந்த கட்டட விதிகள் ஒரு காருக்கு 2.5 மீட்டருக்கு 5 மீட்டர் இடம் கேட்கின்றன. வீடு அதற்கு முந்தையது. ஓனரும்தான்.

ஆனால் அளப்பதெல்லாம் சும்மா. ஓனரின் உண்மையான கலை வண்டியை ரிவர்ஸ் எடுக்கும்போது தெரியும். பிறந்ததிலிருந்து டிவிஎஸ் ஃபிப்டியைத் தவிர வேறெதையும் ஓட்டாதவர், ஹாரன் சத்தம் கேட்டதும் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு ஈரக் கையோடு ஓடி வருவார். கேட் 6 அடி அகலம், வண்டி 5 அடி 4 அங்குலம். கண்ணாடி இரண்டையும் அவரே காதைத் திருகுவதுபோல் மடக்குவார். அப்புறம் நேராகப் பின்பக்கக் கண்ணாடியில் எனக்கு எது தெரிய வேண்டுமோ அதை மறைத்துக்கொண்டு நிற்பார். "வரலாம், வரலாம். ரைட்ல ஒடிங்க. அந்த ரைட்டு இல்ல சார், என் ரைட்டு! வரலாம், வரலாம், வரலா..." டமார். "அவ்ளோதான், நிறுத்திக்குங்க." சுவர் இருக்கும் செய்தி சுவர் மூலமாகத்தான் எனக்கு வரும். ஒருமுறை டெயில் லைட் உடைந்து காலடியில் கொட்டியபோதும், துண்டை அழுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பிளாஸ்டிக் சார். பழைய அம்பாசிடரா இருந்தா சுவருதான் போயிருக்கும்."

சம்ப் மூடிமேல் டயர் ஏறக்கூடாது, துளசி மாடத்தில் பம்பர் படக்கூடாது என்பவையெல்லாம் தனி.

சிரிப்பு போதும். அட்வான்ஸ் பத்து மாத வாடகை. 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் மூன்று மாதம் போதும் என்கிறது. வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கொண்டாலொழிய என்று ஒரு சந்தும் விட்டிருக்கிறது. என் கார் நுழையாத அகலத்துக்கு அந்தச் சந்தில் அவர் நுழைந்துவிட்டார். அதுபோக, 'வண்டி நிறுத்த' மாதம் ஐநூறு. நிறுத்த முடியாத இடத்துக்கு எதற்கு ஐநூறு? இன்றுவரை பதில் இல்லை.

இவரைத் திட்டியே முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் கடந்து, சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் புரண்டு வந்த இரவு குறுக்கே வருகிறது. வடக்கே தென்பெண்ணை, தெற்கே கெடிலம், நடுவில் நாங்கள். விடிவதற்கு முன் கதவைத் தட்டினார். "சார், வண்டிய மேட்டுல கொண்டுபோய் விட்டுரலாம்." தலையில் உரச்சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு, டார்ச்சும் கையுமாகத் தெருவிலிருந்த ஏழு வண்டியையும் மழையில் நின்று வழியனுப்பினார். "என் ரைட்டு, என் ரைட்டு!" ஏழில் ஒன்றுகூட எதிலும் உரசவில்லை.

தண்ணீர் எங்கள் தெருவுக்கு வரவில்லை. மறுவாரம் வண்டியைத் திரும்ப உள்ளே விட்டபோது இன்னொரு டெயில் லைட்டும் போயிற்று.

போன ஞாயிற்றுக்கிழமை கீழ் போர்ஷனைப் பார்க்க இன்னோவாவில் ஒருவர் வந்திருந்தார். பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தேன். கேட்டருகே செருப்பு கிடந்தது. ஓனர் என் காரைச் சுற்றி அடிமேல் அடி வைத்துக்கொண்டிருந்தார்.

"மாடி சார் வண்டிய மட்டும் கொஞ்சம் சுவரோட ஒட்டிக்கிட்டா..."