பற்றாத கம்பி: மாதிரி ராக்கெட் இயலில் அறுபது விநாடிகளின் இடம்

ராக்கெட்டைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் அது மேலே போன கதையைத்தான் எழுதியிருக்கிறார்கள். பட்டனை அமுக்கிய பிறகும் போகாமல் நின்ற ராக்கெட்டுக்கு அறிஞர் உலகம் உரிய மரியாதை செய்ததில்லை. அந்தப் பழைய கடனில் ஒரு தவணையை அடைக்க முயல்கிறது இக்கட்டுரை. ஆய்வுப் பொருள், இக்னைட்டர் எனப்படும் பற்றவைப்பான்: விரல் நீளத்தில் இரண்டு கம்பிகள், அவற்றின் நுனிகளை இணைக்கும் மெல்லிய நைக்ரோம் இழை, அதன்மேல் ஒரு சொட்டுக் காய்ந்த மருந்து. ஆய்வுக் களம், அமெரிக்கா. அங்கே பள்ளி மைதானங்களிலும் அறுவடை முடிந்த வயல்களிலும், அட்டைக் குழாயையும் பால்சா மரச் சிறகையும் வைத்துக்கொண்டு விடுமுறை நாள்தோறும் விண்வெளி யுகம் நடந்துகொண்டிருக்கிறது.

இத்துறையின் தோற்றுவாய் ஒரு செருப்புக் கடை. நெப்ராஸ்கா மாநிலத்து நார்ஃபோக் ஊரில் கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைலுக்கு வாணவேடிக்கையில் மோகம். அவருடைய சகோதரர் ராபர்ட்டுக்கு விமான மாதிரிகளில் மோகம். இரண்டு மோகமும் சேர்ந்து 1954இல் பாராசூட்டோடு இறங்கி, மறுபடி பயன்படக்கூடிய காகித ராக்கெட் ஒன்றைப் பெற்றெடுத்தன. 1957இல் கார்லைல் அதன் மாதிரிகளை வொயிட் சாண்ட்ஸ் ஏவுகணைத் தளத்தில் வேலை பார்த்த ஹாரி ஸ்டைனுக்கு அனுப்பினார். அதே ஆண்டு அக்டோபர் 4ஆம் தேதி ஸ்புட்னிக் மேலே போனது. அமெரிக்கப் பையன்கள் வீட்டு நிலவறைகளில் தாங்களே மருந்து கலக்கி, இரும்புக் குழாயில் அடைத்து, விரலையும் கண்ணையும் இழந்துகொண்டிருந்த காலம் அது. அவர்களிடமிருந்து மருந்தைப் பிடுங்கிவிட்டு ராக்கெட்டை மட்டும் கையில் கொடுக்க வேண்டும் என்பது ஸ்டைனின் யோசனை.

அதற்கு மோட்டார் வேண்டும், அதுவும் ஆயிரக்கணக்கில். டென்வரில் வாணவேடிக்கைத் தொழில் குடும்பத்தைச் சேர்ந்த வெர்ன் எஸ்டஸ் அதற்காகவே ஓர் இயந்திரம் செய்தார். அதற்கு மேபல் என்று பெயரும் வைத்தார். காற்றழுத்தத்தில் இயங்கிய மேபல், காகிதக் குழாயில் களிமண்ணையும் கருமருந்தையும் இறுக்கி, ஐந்தரை விநாடிக்கு ஒரு மோட்டார் வீதம் உதிர்த்தாள். 1961இல் தொழிற்சாலை கொலராடோவின் பென்ரோஸ் ஊருக்கு இடம் மாறியது.

இங்கேதான் வரலாற்றாசிரியர்கள் கோட்டை விட்டார்கள் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். மருந்து இடிக்கிற வேலை இயந்திரத்துக்குப் போயிற்று. பற்றவைக்கிற வேலை மட்டும் பையன்களிடமே தங்கிவிட்டது. அன்றிலிருந்து இத்துறையின் சந்தேகம், வாக்குவாதம், குடும்பச் சண்டை ஆகிய அனைத்தும் அந்த ஒரு சொட்டு மருந்தைச் சுற்றியே நடந்து வந்திருக்கின்றன.

ஆரம்பத்தில் இருந்தது திரிதான். தீபாவளி ராக்கெட்டைக் காலி பாட்டிலில் நிறுத்தி, ஊதுவத்தியை நீட்டிவிட்டு ஓடுகிறோமே, அதற்கு மிக நெருங்கிய உறவு. மேலோர் வழக்கும் அதுவே. 1926 மார்ச் 16ஆம் தேதி மாசசூசெட்ஸின் ஆபர்ன் ஊரில், எஃபி அத்தையின் தோட்டத்தில், ராபர்ட் கோடார்ட் உலகின் முதல் திரவ எரிபொருள் ராக்கெட்டை ஏவியபோது, நவீன விண்வெளி யுகத்தைப் பற்றவைத்தது என்ன? ஒரு நீளக் கழி, அதன் நுனியில் கட்டிய ஊதுவிளக்கு, அந்தக் கழியைப் பிடித்திருந்த ஹென்றி சாக்ஸ் என்ற மெக்கானிக். ராக்கெட் இரண்டரை விநாடி பறந்து, 41 அடி உயரம் போய், 184 அடி தள்ளி விழுந்தது. கோடார்டுக்குச் சிலைகள் உண்டு. கழி பிடித்தவருக்கு?

திரியில் ஒரு குறை. பற்றவைத்த பிறகு மனம் மாற முடியாது. வேலி தாண்டி ஒரு குழந்தை ஓடி வந்தாலும் திரி தன்பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கும். ஆகவே மின்சாரம் வந்தது. மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினால் வெப்பம் என்பது 1840களில் ஜூல் கண்ட விதி. அந்த வெப்பத்தில் சிவந்தும் சட்டென்று கருகாத நிக்கல்-குரோமியக் கலவைக்கு 1906இல் ஆல்பர்ட் மார்ஷ் காப்புரிமை பெற்றார். ரொட்டி வாட்டும் டோஸ்டரும் ராக்கெட் பற்றவைப்பானும் அவருடைய கம்பிக்கு ஒரே மாதிரிக் கடன்பட்டவை. ஆயினும் டோஸ்டர் முன்னால் நின்று யாரும் ஐந்திலிருந்து பின்னோக்கி எண்ணுவதில்லை.

விதி எளிது, அதில் வரும் ‘வர்க்கம்’ பொல்லாதது. நான்கு ஏஏ பேட்டரி ஆறு வோல்ட். பேட்டரியின் உள்தடை, வயர், இக்னைட்டர் கம்பிகளைக் கவ்வும் கிளிப், நைக்ரோம் எல்லாம் சேர்ந்து இரண்டு ஓம் என்றும், அதில் நைக்ரோமின் பங்கு ஒரு ஓம் என்றும் வைத்துக்கொள்வோம். மூன்று ஆம்பியர் பாயும். நைக்ரோமில் ஒன்பது வாட் வெப்பம். போன தடவையின் புகை படிந்த கிளிப் இன்னும் இரண்டு ஓம் சேர்த்தால் ஓட்டம் பாதியாகும், வெப்பமோ கால்வாசியாகும்: இரண்டே கால் வாட். கம்பி லேசாகச் சூடாகும், அவ்வளவே. இத்துறையில் உப்புத்தாள் என்பது தச்சர் கருவியல்ல; கிளிப்பின் வாயைத் தேய்த்து வர்க்கத்தை மீட்டெடுக்கும் கணிதக் கருவி.

இனி, இக்னைட்டரை வீட்டிலேயே செய்துகொள்வதற்கான கிட்.

கடை இக்னைட்டர் போதும் என்றிருப்பவர்கள் நிம்மதியானவர்கள். அவர்களை ஆய்வு பொருட்படுத்தவில்லை. பெரிய மோட்டார்களுக்குப் போகிறவர்களுக்கு அந்த நிம்மதி கிடையாது. அம்மோனியம் பெர்குளோரேட் கலந்த, ரப்பர் போன்ற எரிபொருள் கருமருந்தைப் போலச் சிறு பொறிக்கு மசியாது. மோட்டாரின் நடுத்துளை வழியே உச்சிவரை இக்னைட்டரை ஏற்றி, அங்கே நல்ல தீயாக எரியச் செய்ய வேண்டும். வாணவேடிக்கைக்காரர்களின் மின்தீக்குச்சியை வாங்கலாமென்றால், அமெரிக்கச் சட்டம் அதை வெடிபொருள் கணக்கில் வைத்திருக்கிறது, உரிமம் கேட்கிறது. இந்த இடைவெளியில் பிறந்ததுதான் ‘நீங்களே முக்கிக்கொள்ளுங்கள்’ வகைக் கிட். ஒரு புட்டியில் பொடி, ஒரு புட்டியில் திரவம், ஒரு கட்டு கம்பி. பெட்டிக்குள் இருக்கும்வரை பொடியும் திரவமும் ஒன்றையொன்று பார்த்ததில்லை. திருமணம் செய்துவைக்கும் பொறுப்பு வாங்கியவருடையது.

செய்முறைத் தாள் ஒரு பக்கத்தில் முடிந்துவிடும். கலக்கு, முக்கு, தொங்கவிடு, காயவை, மறுபடி முக்கு. சமையல் புத்தகத்தில் ‘தேவையான அளவு’ என்று எழுதியவர்தான் இதையும் எழுதியிருக்க வேண்டும். கலவை நீர்த்திருந்தால் கம்பியில் மருந்து தங்காது. கம்பி சிவந்து, அறுந்து, தன் கடமை முடிந்ததாகக் கருதிவிடும். கெட்டியாக இருந்தால் பார்வைக்கு வாட்டசாட்டமான இக்னைட்டர் கிடைக்கும். சிறிய கருமருந்து மோட்டாரின் முனைத்துளையில் அது நுழையாது. சுரண்டி மெலியவைக்கலாமே என்ற எண்ணம் எல்லோருக்கும் வரும். அது எரிவதற்கென்றே செய்த பொருள் என்ற எண்ணம், நல்லவேளையாக, பெரும்பாலோருக்கு அடுத்த கணமே வந்துவிடும். காயவைக்கக் கட்டிய கயிற்றில் துணிக் கிளிப் மாட்டி வரிசையாகத் தொங்கும் இக்னைட்டர்களால் வீட்டின் மற்ற உறுப்பினர்களுக்கு ஏற்படும் உணர்வுகள் தனி ஆய்வுக்கு உரியவை.

காய்ந்த பிறகு வெள்ளோட்டம். இங்கே தத்துவம் குறுக்கிடுகிறது. ஓர் இக்னைட்டர் நன்றாக எரியுமா என்று அறிய ஒரே வழி, அதை எரித்துப் பார்ப்பது. எரிந்துவிட்டால் அது மிக நல்ல இக்னைட்டர் என்று ஐயமற நிறுவலாம். ஆனால் இனி அது இல்லை. கையில் மீந்திருப்பவை எல்லாம் சோதிக்கப்படாதவை. இதுவரை நடந்ததை வைத்து இனி நடக்கப்போவதை நிறுவ முடியாது என்று 18ஆம் நூற்றாண்டில் டேவிட் ஹ்யூம் வாதிட்டபோது, அவருக்கு ஒரு தத்துவப் புதிர்தான் கிடைத்தது. மாதிரி ராக்கெட் அன்பருக்கு ஒரு டப்பா நிறையக் கிடைக்கிறது. மல்டிமீட்டர் வைத்துக் கம்பி அறுந்திருக்கிறதா என்று பார்க்கலாம். அது கம்பியின் உடல்நலத்தைச் சொல்லும், மருந்தின் மனநிலையைச் சொல்லாது. அதிலும் அளவு மீறிய சோதனை ஆபத்து. ஒரு காலத்தில் சிலர் கேமராவின் பிளாஷ் பல்பைக் கொண்டு திரியைப் பற்றவைத்தார்கள்; இணைப்பு சரியாக இருக்கிறதா என்று ஏவும் பட்டன் உள்ள கன்ட்ரோலர் பெட்டியின் விளக்கு சோதிக்கும் அந்தச் சிறு ஓட்டமே பல்பை எரியவைக்கப் போதுமானது. கேள்வி கேட்டாலே பதிலாக ராக்கெட் கிளம்பும் ஏற்பாடு.

இக்னைட்டரை மோட்டார் வாயில் நிலைநிறுத்துவது பற்றி அறிஞரிடையே ஒருமித்த கருத்தில்லை. பழைய மரபினர் தீப்பிடிக்காத மெல்லிய காகிதத்தைச் சிறு உருண்டையாக்கித் துளையில் திணிப்பவர்கள். பின்வந்த மரபினர், தொழிற்சாலை தரும் சிறிய பிளாஸ்டிக் பிளக்கை வைப்பவர்கள். இரண்டுக்கும் நடுவே, எதற்கும் இருக்கட்டும் என்று மேலே ஒரு சுற்று டேப் ஒட்டும் சமரசவாதிகள் இருக்கிறார்கள். மூன்று தரப்புக்கும் நோக்கம் ஒன்றே: மருந்தின் நுனி எரிபொருளைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஒரு நூலிழை இறங்கியிருந்தாலும் இக்னைட்டர் அழகாக எரிந்து, புகைந்து, தன் வேலை தவிர மற்றதெல்லாம் செய்யும்.

இப்போது களத்துக்கு வருவோம். சாவி செருகியாயிற்று, விளக்கு எரிகிறது, எண்ணிக்கை தொடங்குகிறது. இந்தப் பின்னோக்கி எண்ணும் வழக்கமே சினிமாவிலிருந்து வந்தது. 1929இல் ஃப்ரிட்ஸ் லாங் எடுத்த ‘ஃப்ராவ் இம் மோண்ட்’ படத்தில் நிலவுக்குப் போகும் ராக்கெட்டுக்கு அப்படி எண்ணினார்கள். நிஜ ராக்கெட்டுகள் பிற்பாடு அதைப் பின்பற்றின. சினிமாவில் பூஜ்யத்துக்குப் பிறகு ராக்கெட் கண்டிப்பாகக் கிளம்பும் என்பதால், கிளம்பாவிட்டால் என்ன சொல்வது என்று லாங் யோசிக்கவில்லை.

அமெரிக்க மாதிரி ராக்கெட் சங்கத்தின் பாதுகாப்பு விதி யோசித்திருக்கிறது. பட்டனை அமுக்கியும் கிளம்பாவிட்டால் சாவியை எடு, அல்லது பேட்டரியைக் கழற்று. கடைசி முயற்சிக்குப் பின் 60 விநாடி யாரும் அருகே போகக்கூடாது. இத்துறையின் அறிவு வளர்ச்சி முழுவதும் அந்த 60 விநாடியில்தான் நடக்கிறது. முதல் பத்து விநாடியில் பேட்டரிக் கோட்பாடு முன்வைக்கப்படும். இருபதாவது விநாடியில், கிளிப்புகள் ஒன்றோடொன்று உரசி மின்சாரம் குறுக்குவழியில் ஓடிவிட்டது என்ற மாற்றுக் கோட்பாடு எழும். காற்றின் ஈரப்பதம் நாற்பதாவது விநாடிக்குரியது. ஐம்பதாவது விநாடியில், கிட் வாங்கியதே தேவையில்லாத செலவு என்ற பொருளாதாரப் பார்வை மடக்கு நாற்காலியிலிருந்து வரும்.

காத்திருப்பதில் அரசாங்கமும் விலக்கல்ல. 1960 நவம்பர் 21ஆம் தேதி கேப் கனாவரலில் மெர்குரி-ரெட்ஸ்டோன் 1 என்ற ராக்கெட், எல்லோரும் பார்த்திருக்க, சுமார் நான்கு அங்குலம் எழும்பி, எஞ்சின் அணைந்து, மறுபடி மேடையிலேயே உட்கார்ந்தது. அடிப்பாகத்தில் இரண்டு மின் இணைப்புகள் வரிசை மாறிக் கழன்றதுதான் காரணம். பயணி இல்லாத கலத்தின் தப்பிப்புக் கோபுரம் மட்டும் தனியே கிளம்பிப் போய்விட்டது. பிறகு பாராசூட்டுகள் துள்ளி வெளியே வந்து ராக்கெட்டின் பக்கவாட்டில் தொங்கின. எரிபொருள் நிரம்பிய ராக்கெட், காற்று வாங்கும் பாராசூட், துண்டிக்கப்பட்டுவிட்ட இணைப்புகள். துப்பாக்கியால் சுட்டுத் தொட்டியில் ஓட்டை போடலாம் என்றுகூட ஒரு யோசனை வந்தது. கடைசியில் பேட்டரி தானாகத் தீரும்வரை காத்திருந்து, மறுநாள் காலையில்தான் அருகே போனார்கள். கிளிப் கழன்ற குறைக்கு 60 விநாடி என்பது, அதை நோக்க, சலுகை விலை.

கடைசியாக, ஒன்றுக்கு மேற்பட்ட மோட்டார்களை ஒரே நேரத்தில் பற்றவைக்கும் கொத்து ராக்கெட். இணைப்பு பக்க இணைப்பாக இருக்க வேண்டும். வரிசையாகக் கட்டினால் முதலில் அறுகிற கம்பி மற்றவற்றின் மின்சாரத்தையும் துண்டித்துவிடும். கையால் முக்கிய இக்னைட்டர் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தடவை பற்றும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். மூன்று மோட்டாரும் சேர்ந்து பற்ற 86 சதவீத வாய்ப்பு, ஐந்தென்றால் 77. கஜகஸ்தானின் பைகோனூரிலிருந்து கிளம்பும் சோயுஸ் ராக்கெட்டுக்கு அடியில் பெரியதும் சிறியதுமாக 32 எரியறைகள். அவற்றையும் பற்றவைப்பது டி வடிவ பிர்ச் மரக் குச்சிகள்தான். நுனியில் மருந்து வைத்துக் கீழிருந்து ஒவ்வோர் அறையிலும் செருகுகிறார்கள். நம் தொண்ணூற்றைந்து அங்கே போனால் ஐந்து தடவைக்கு ஒரு தடவைகூட முழுதாகப் பற்றாது. ஆகவே அந்தக் குச்சிகளில் மெல்லிய பித்தளைக் கம்பி ஒன்றும் கட்டியிருக்கும். தீயில் அது அறுந்தால்தான் அந்த அறை பற்றியதாகக் கணக்கு. எல்லா அறையிலிருந்தும் அந்தச் செய்தி வராமல் ஏவுதல் முன்னேறாது. வயல்வெளியில் இதே பணியைச் செய்வது, பின்னால் நின்று, “இன்னொரு தடவை அழுத்திப் பாருங்களேன்” என்று சொல்கிறவர்.