சாமியில்லாத் தாத்தா

தண்டையார்பேட்டையிலிருந்து எண்ணூர் வரை நெடுஞ்சாலையை ஒட்டிய எந்தத் தெருவில் நுழைந்தாலும் இவர் அகப்படுவார். வயது எழுபதைத் தாண்டியிருக்கும். லாரி ஆலையிலோ டயர் ஆலையிலோ தீப்பெட்டி ஆலையிலோ ஷிப்ட் பார்த்து ஓய்வுபெற்றவர். கறுப்புச் சட்டை, வெள்ளை வேட்டி, கக்கத்தில் மடித்த 'விடுதலை' நாளிதழ். இவரைத் தனி ஆளாகத் தேட வேண்டாம்; பல தெருக்களில் பார்த்தவர்களை ஒருவராகச் சேர்த்துச் சொல்கிறேன். காலடிப்பேட்டைப் பக்கம் பிள்ளைகள் இவருக்கு வைத்திருக்கும் பெயர் சாமியில்லாத் தாத்தா. அதில் தாத்தாவுக்கு ஒரே ஒரு மனக்குறை. பெயர் சாமியில் தொடங்குகிறது.

கார்த்திகை பிறந்தால் அவருக்குச் சோதனைக் காலம். வருஷம் முழுக்கத் தன் கொள்கைக்கு அடையாளமாக இருந்த சட்டை, ஒரே காலையில் தெருவுக்கே சீருடையாகிவிடும். போன கார்த்திகையில் டீக்கடைக்குப் புதிதாக வந்த பையன் பயபக்தியோடு கேட்டான்: "சாமி, சக்கரை கம்மியா?"

"நான் சாமி இல்லப்பா."

"சரிங்க சாமி."

பெரியார் மறைந்தது 1973 டிசம்பர் 24. சபரிமலையில் மண்டல பூஜை முடிவதும் அதே வாரம். நினைவு நாள் ஊர்வலமும் இருமுடி கட்டிக் கிளம்பும் கூட்டமும் ஒரே சாலையில் ஒரே நிறத்தில் போகும். ஒரு தடவை ஊர்வலத்தின் கடைசியில் ஏழெட்டு ஐயப்பமார்கள் தெரியாமல் கலந்து, மார்க்கெட் வரைக்கும் கூடவே வந்துவிட்டார்கள். கூட்டம் பெரிதாகத் தெரிந்ததால் தாத்தா யாரையும் விலக்கவில்லை.

நல்ல காரியம் எதையும் ராகுகாலத்தில்தான் தொடங்குவது என்று அவருக்கு வைராக்கியம். வீட்டுக்கு வெள்ளையடிப்பதா, பேத்தியைப் பள்ளியில் சேர்ப்பதா, மின்கட்டணம் கட்டுவதா, எல்லாம் அந்த ஒன்றரை மணி நேரத்துக்குள். இதற்காகத் தினமும் காலையில் எழுந்ததும் காலண்டர் தாளைக் கிழித்துப் பார்ப்பார். திங்கள் ஏழரை முதல் ஒன்பது, புதன் பன்னிரண்டு முதல் ஒன்றரை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அக்கம்பக்கத்துப் பெண்கள் மதில் மேலே எட்டிப் பார்த்து, "தாத்தா, இன்னிக்கு ராகுகாலம் எப்போ?" என்று கேட்பார்கள். நேரத்தைச் சொல்லிவிட்டு, அது ஏன் மூடநம்பிக்கை என்று விளக்க ஆரம்பிப்பார். முதல் பாதிக்கு நன்றி சொல்லிவிட்டு அவர்கள் போய்விடுவார்கள். அவர் மனைவி ஆயா சொல்வது நியாயமாகத்தான் இருக்கிறது: "இந்தத் தெருவுல பாதி ஜனத்துக்கு ராகுகாலமே தெரியாதுய்யா. ஒன்னாலதான் தெரிஞ்சிக்கினாங்க."

கிரகணம் வந்தால் வீட்டில் எல்லோரும் பட்டினி கிடப்பார்கள். அவருக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது. பசித்தாலும் பசிக்காவிட்டாலும், கிரகணம் பிடித்த நிமிஷத்திலிருந்து விடும் நிமிஷம் வரைக்குள் சாப்பிட்டே ஆக வேண்டும். ஆயா முன்கூட்டியே உப்புமா கிளறி மூடி வைத்துவிடுவார். மூடியைத் திறந்தால் மேலே தர்ப்பைப்புல் கிடக்கும். அதைக் கறிவேப்பிலைபோல் ஒதுக்கி வைத்துவிட்டுத் தாத்தா மூடநம்பிக்கையை எதிர்த்துச் சாப்பிடுவார்.

வெள்ளிக்கிழமையும் பௌர்ணமியும் சேர்ந்து வரும் நாளில் வடசென்னைப் பெண்கள் மூன்று அம்மனைப் பார்ப்பார்கள். காலையில் மேலூர் திருவுடையம்மன், உச்சியில் திருவொற்றியூர் வடிவுடையம்மன், மாலையில் திருமுல்லைவாயல் கொடியிடையம்மன். ஆயாவுக்கு மூட்டுவலி, ஆகையால் மொபெட்டில் பின்னால் உட்கார வைத்து மூன்று ஊருக்கும் அழைத்துப் போவது தாத்தாதான். கோயிலுக்குள் காலை வைக்க மாட்டார். வாசலில் நின்று ஆயாவின் செருப்பைக் காவல் காப்பார். எந்தக் கோயிலில் கூட்டம் குறைவு, எந்த வாசலில் நிழல் இருக்கும், புளியோதரை எங்கே தீர்ந்துபோகும் என்பதெல்லாம் ஊரில் இவரைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்வார்கள்.

எதிர்வீட்டில் இருப்பவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், பதினெட்டு மலை முடித்த குருசாமி. இருவரும் பால்ய சிநேகிதர்கள், ஆகவே தினமும் சண்டை. குருசாமியின் கட்சி ஒன்றுதான்: "நாத்திகமும் ஒரு மதந்தான்யா."

"குடிக்காதவன டாஸ்மாக் கணக்குல சேத்துப்பியா?" என்றார் தாத்தா ஒருநாள்.

"சேக்க மாட்டேன். ஆனா குடிக்காதவன் தெனமும் டாஸ்மாக் வாசல்ல மைக் போட்டுக்கினு நின்னா, அவனுக்கும் அந்தக் கடைக்கும் இன்னா உறவுன்னு கேப்பேனா மாட்டேனா?"

குருசாமி கண்டக்டராக இருந்தவர், சில்லறை பாக்கி வைக்க மாட்டார். ஒவ்வொன்றாக எண்ணிக் கொடுப்பார். எங்களுக்கு சரணகோஷம் என்றால் உனக்கு, 1967-இல் பெரியார் அறிவித்த கடவுள் மறுப்பு வாசகம். அதைச் சொல்லாமல் கூட்டம் தொடங்குவதில்லை. எங்களுக்குக் கருமாதி என்றால் உனக்குப் படத்திறப்பு. அதுவும் பதினாறாம் நாள் பக்கத்தில் வரும் ஞாயிற்றுக்கிழமையில். நாங்கள் அலகு குத்தினால் நீங்களும் முதுகில் கொக்கி மாட்டிக் கார் இழுக்கிறீர்கள். தீச்சட்டி ஏந்தி, 'தீச்சட்டி இங்கே, மாரியாத்தா எங்கே' என்று நீங்கள் போகிற ஊர்வலத்தைப் பார்த்து என் மாமியார் தண்ணீர்க் குடத்தோடு ஓடி வந்து உங்கள் காலில் ஊற்றினாரா இல்லையா?

ஊற்றியது உண்மைதான். வெயிலுக்கு இதமாக இருந்தது என்று தாத்தாவே ஒப்புக்கொள்கிறார்.

குருசாமிக்குத் தெரியாது, அவர் கட்சிக்கு ஐரோப்பாவிலும் சாட்சிகள் உண்டு. 1793-இல் பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் பாரிஸ் நோத்ர தாம் தேவாலயத்தைப் பகுத்தறிவின் கோயில் என்று மாற்றி, ஒரு பெண்ணைப் பகுத்தறிவுத் தேவியாக அலங்கரித்து உள்ளே கொலுவேற்றினார்கள். ஓகுஸ்த் கோம்த் என்ற தத்துவஞானி அதையும் மிஞ்சினார். கடவுளைக் கழற்றிவிட்டு 'மனிதகுல மதம்' ஒன்றையே உண்டாக்கினார். 1849-இல் அதற்குக் காலண்டரும் போட்டார். மாதத்துக்கு 28 நாள், வருஷத்துக்குப் பதின்மூன்று மாதம், நாளுக்கு ஒரு பெரியவர் பெயர். அதில் ராகுகாலம் மட்டும் இல்லை. இருந்திருந்தால் நம் தாத்தா சந்தா கட்டியிருப்பார்.

நம் ஊருக்கும் இதில் பழைய உறவு உண்டு. பெரியார் பிள்ளையாக இருந்த காலத்திலேயே சென்னை இலௌகிக சங்கத்தார் 'தத்துவ விவேசினி' என்ற தமிழ் இதழை 1882 முதல் 1888 வரை நடத்தி, சாமியையும் சாத்திரத்தையும் கேள்வி கேட்டார்கள். ராஜாஜி சாலையில் பட்டாவுக்கும் சான்றிதழுக்கும் நாம் வரிசையில் நிற்கும் கலெக்டர் ஆபீஸ் கட்டடத்துக்கு, மீனவர் குடும்பத்தில் பிறந்து பகுத்தறிவும் பொதுவுடைமையும் பேசிய சிங்காரவேலரின் பெயர்.

1949 செப்டம்பரில் கொட்டும் மழையில் தி.மு.க. தன் முதல் பொதுக்கூட்டத்தை நடத்தியது ராயபுரம் ராபின்சன் பூங்காவில். இயேசு தம் சபையை யார்மேல் கட்டுவேன் என்றாரோ அந்த இராயப்பர் பெயரில் உள்ள ஊர். இதைச் சொல்லிக் குருசாமி கண்ணடித்தால் தாத்தா சீறுவார். "மழை பெஞ்சப்ப வருண பகவானையா கும்புட்டாங்க? கொடை புடிச்சாங்கய்யா." சொன்ன கையோடு முகம் சுருங்கும். தம்மைவிட்டுப் பிரிந்து தி.மு.க. தொடங்கியவர்களைப் பெரியார் 'கண்ணீர்த்துளிகள்' என்றார். தாத்தாவுக்கு இன்றும் அவர்கள் கண்ணீர்த்துளிகள்தான். அவர்கள் கோட்டைக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, அது அவருக்கு ஒரு பொருட்டில்லை. வடகலை தென்கலைச் சண்டையாவது நாமத்தோடு நிற்கிறது, இங்கே அதையும் தாண்டிவிட்டது. 'குடி அரசு' இதழில் வந்த பெரியார் எழுத்துகளைத் தொகுத்து வெளியிடும் உரிமை யாருக்கு என்று இரண்டு பெரியார் இயக்கங்கள் உயர்நீதிமன்றம் வரை போயின. 2009-இல் நீதிமன்றம் தடை விதிக்க மறுத்தது. "எங்க வேதத்துக்கு எவனாச்சும் காப்பிரைட் கேட்டானா?" என்ற குருசாமியின் கேள்விக்கு அன்று தாத்தாவிடம் பதில் இல்லை. அவசரமாகத் தண்ணீர் லாரி வந்துவிட்டது.

ஆனால் செப்டம்பர் 17-க்கு முன்னால் இதெல்லாம் ஒன்றுமில்லை. அன்று தெருமுனையில் பந்தல் போட்டு, நாற்காலியில் பெரியார் படம் வைத்து, மாலை போட்டு, பிறந்தநாள் கொண்டாடுவார் தாத்தா. மாலை போடலாம், அது மரியாதை. கும்பிடக் கூடாது, அது பக்தி. இந்தக் கோட்டை அவர் யாரையும் தாண்ட விட மாட்டார். இப்போது மணலி, எண்ணூர் பட்டறைகளிலும் கன்டெய்னர் யார்டுகளிலும் நிறையப் பேர் பிகார், ஒடிசாவிலிருந்து வந்த பையன்கள். அவர்கள் கணக்கில் விசுவகர்மா பூஜை சூரியன் கன்னி ராசிக்குள் நுழைவதை வைத்து வருவதால், பெரும்பாலும் அதே செப்டம்பர் 17-இல் விழுகிறது. வடக்கே அச்சாகும் பல படங்களில் விசுவகர்மாவுக்கு நரைத்த நீளத் தாடி.

மேலே நான் சொல்ல வேண்டியதில்லை. வேலைக்குப் போகிற வழியில் ஒரு பையன் பந்தலைப் பார்த்தான். செருப்பைக் கழற்றினான். பையிலிருந்து சாமந்தி எடுத்துப் படத்தின் முன் வைத்தான். இடுப்பிலிருந்த ஸ்பேனரை எடுத்துப் பூவுக்குப் பக்கத்தில் வைத்தான். கண்ணை மூடினான்.

தாத்தா 1965-இல் அரைக்கால் சட்டையோடு 'இந்தி ஒழிக' என்று தெருவில் ஓடியவர். அறுபது வருஷம் கழித்து, கடவுள் இல்லை என்று சொல்ல அவருக்கு இந்தி தேவைப்பட்டது. "பகவான் நஹி!" என்றார்.

பையன் படத்தைக் காட்டினான். "யே பகவான் நஹி?"

"நஹி. கோயி பகவான் நஹி!"

பையன் ஒரு கணம் யோசித்தான். இத்தனை தீர்மானமாகப் பேசுகிறவர் பெரிய மகானாகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றியிருக்கும். "டீக் ஹை, பாபா" என்று குனிந்து தாத்தாவின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். கையில் பூந்தியும் கொடுத்தான். தாத்தா அதைப் பிரசாதமாக ஏற்கவில்லை, இனிப்பாக ஏற்றார். சர்க்கரை வியாதியைப் பற்றி இருவருமே பேசவில்லை.

இதுவரை குருசாமிக்கு நான் அதிகமாகவே இடம் கொடுத்துவிட்டேன். மாலையும் பந்தலும் ஊர்வலமும் மதத்துக்கு மட்டும் சொந்தமில்லை. நாலு பேர் கூடினால் ஒரு படம் வைப்பார்கள், ஒரு வாசகம் சொல்வார்கள், சாப்பிட ஏதாவது தருவார்கள். ஃபுட்பால் கிளப்பும் ரஜினி மன்றமும் அப்படித்தான். மதத்துக்கும் நாத்திகத்துக்கும் உண்மையான ஒற்றுமை வேறு இடத்தில் இருக்கிறது. 1953-இல் பெரியார் மண் பிள்ளையாரை உடைத்தார். மண்தானே என்பது தாத்தாவின் நியாயம். 2018 மார்ச்சில் திருப்பத்தூரில் பெரியார் சிலையைச் சேதப்படுத்தினார்கள். தாத்தா அன்று சாப்பிடவில்லை. "சிமெண்ட்டுதான்யா?" என்றார் குருசாமி, மெதுவாகத்தான். தாத்தா ஒரு மாசம் அவரோடு பேசவில்லை. மண்ணுக்கு ஒரு நியாயம், சிமெண்ட்டுக்கு ஒரு நியாயம் வந்துவிட்ட அந்த ஒரு மாசம் மட்டும் தாத்தா சுத்தமான பக்தர். குன்றக்குடி மடத்தில் அடிகளார் பூசிய விபூதியைப் பெரியார் மறுக்காமல் ஏற்றுக்கொண்டார் என்று சொல்வார்களே, அந்தச் சம்பவத்தை எடுத்தாலும் தாத்தாவுக்குப் பக்தி முற்றிவிடும். மூலத்தைவிட நீளமாக உரை சொல்வார்.

இதைவிட மோசமான ஒற்றுமையை ராயபுரத்தில் ஒரு தோழர் வீட்டுச் சுயமரியாதைத் திருமணத்தில் பார்த்தேன். இந்தத் திருமணத்தைச் செல்லும்படியாக்கிய 1967-ஆம் ஆண்டுத் திருத்தம், இந்துத் திருமணச் சட்டத்துக்குள்தான் 7-ஏ பிரிவாக உட்கார்ந்திருக்கிறது. அதைச் சொல்லிக் குருசாமி சிரித்துக்கொள்ளட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஐயர் இல்லை, அக்னி இல்லை, புரியாத மந்திரம் இல்லை. மாப்பிள்ளையும் பெண்ணும் ஒரே சாதி. நகைக் கணக்கு முன்கூட்டியே பேசி முடித்தது. சாதி முன்வரிசையில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டது. தலைமை தாங்க வந்த சாமியில்லாத் தாத்தா, எப்போதும் முக்கால் மணி நேரம் பேசுகிறவர், அன்று இரண்டு நிமிஷத்தில் வாழ்த்தி முடித்துவிட்டுச் சாப்பிடாமல் கிளம்பிவிட்டார். மகளைச் சாதி மாற்றிக் கட்டிக்கொடுத்ததற்காகச் சொந்த அண்ணன் வீட்டு வாசலை இன்றுவரை மிதிக்க முடியாதவர் அவர். ராகுகாலத்தில் மின்கட்டணம் கட்டுவதைப் பார்த்துச் சிரிக்கலாம். இதைப் பார்த்து என்னால் சிரிக்க முடியவில்லை. நாத்திகம் மதமா இல்லையா என்று என்னைக் கேட்டால், படத்துக்குப் போட்ட மாலையைப் பார்க்க மாட்டேன், சம்பந்தம் பேசிய வீட்டைத்தான் பார்ப்பேன்.

தாத்தா தன் உடலை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரிக்கு எழுதிக்கொடுத்துவிட்டார். படிவத்தில் சாட்சிக் கையெழுத்து போட்டவர் குருசாமி. ராகுகாலத்தில்தான் போட வேண்டும் என்று தாத்தா பிடிவாதம், எமகண்டம் கழியட்டும் என்று குருசாமி பிடிவாதம். கடைசியில் கல்லூரி ஆபீஸ் திறந்திருந்த நேரத்தில் போட்டார்கள்.

அந்தப் பக்கம் போனால் தாத்தா உங்களையும் நிறுத்தி 'விடுதலை'க்குச் சந்தா கேட்பார். கும்பிடு போட்டுத் தப்பிக்கப் பார்க்காதீர்கள், கும்பிட்டால் இன்னும் அரைமணி நேரம் பேசுவார். சந்தாவைக் கட்டிவிடுங்கள். உண்டியலில் போட்டதற்கு யாரும் ரசீது தருவதில்லை, இவர் கையோடு எழுதித் தருவார்.