வெள்ளையடிப்பும் அதன் சாக்கும்: ஆர்.கே.பேட்டையை முன்வைத்து ஓர் ஆய்வு

குறைந்த செலவில் வீட்டை விற்பனைக்குத் தயார்செய்வது பற்றிப் பேசுவோர் சுண்ணாம்பு, மட்டை, நீலம் என்று கடைச்சீட்டு எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். அது கொத்தனார் வேலை. ஆய்வாளர் வேலை அல்ல. திருத்தணிக்குப் பக்கத்து ஆர்.கே.பேட்டை போன்ற ஊரில் விற்கிற வீட்டுக்கு முதல் தேவை வெள்ளையடிப்பு அன்று, வெள்ளையடித்ததற்கு ஒரு சாக்கு என்பதே இக்கட்டுரையின் துணிபு. ஒரு காரணமும் இல்லாமல் சுவர் பளிச்சென்று நின்றால் தெருவில் இரண்டு கேள்விகள் கிளம்பும்: என்ன விசேஷம், எவ்வளவு கடன்? இரண்டாவது கேள்வி கிளம்பிய அன்றே விலை இறங்கிவிடும்.

வாங்க வருபவரின் மனநிலையே இதற்குச் சான்று. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக லட்சத்துக்கு 9,000 ரூபாய் அரசுக்கு அழவேண்டும். அதை நம் சுவரிலிருந்து சுரண்டி எடுத்துவிடலாம் என்றுதான் அவர் வருகிறார். சுரண்டவும் செய்கிறார், கட்டைவிரல் நகத்தால், திண்ணையை ஒட்டிய அடிச்சுவரில். புது டிஸ்டெம்பர் பொடிந்து உதிர்ந்தால் ஓதத்தை மறைக்கிறார்கள் என்று தீர்ப்பு. சுண்ணாம்புக்கு இந்த ஆபத்து குறைவு. காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கிக் கல்லாக இறுகும் பொருள் அது. சுவரின் ஈரத்தை உள்ளே அடைத்து வைக்காமல் வெளியே விட்டுவிடும், அதனால் அதற்குப் பொய் சொல்ல வராது. அதில் கொஞ்சம் கஞ்சி கலந்தால் சட்டையில் ஒட்டாது என்பதைப் பாவுக்குக் கஞ்சி போட்டே பழகிய நெசவாளர் ஊரில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நீலத்தில் மட்டும் கை தாராளமாகிவிடக் கூடாது, வீடு ஆஸ்பத்திரியாகிவிடும்.

சாக்குக்கு எங்கே போவது? பஞ்சாங்கத்துக்குத்தான். மார்கழியிலும் ஆடியிலும் வீடு வாங்க மாட்டார்கள், பத்திரம் பதிய மாட்டார்கள். ஆனால் மார்கழி முடிவில் போகி இருக்கிறது. ஆடியில் திருத்தணியே காவடியால் நிரம்பும் கிருத்திகை இருக்கிறது. போகிக்கு வெள்ளையடித்தவரை யாரும் சந்தேகிப்பதில்லை. அடுத்த நாளே தை பிறந்துவிடும். ஆடிக் கிருத்திகைக்கு வீட்டைச் சுத்தம் செய்தவருக்கு அடுத்து வருவது ஆவணி. விற்கக் கூடாத மாதத்தில் வெள்ளையடிக்கச் சொல்லி, அடுத்து விற்கும் மாதத்தைத் திறந்துவிடும் இந்த ஏற்பாடு தற்செயல் என்று நம்புவது கடினம்.

அமெரிக்கப் பள்ளியினர் மறுப்பார்கள். அங்கே 1972இல் வீட்டு விற்பனை முகவர் பார்ப் ஷ்வார்ஸ் தொடங்கிவைத்ததாகச் சொல்லப்படும் முறைப்படி, குடும்பத்தின் சுவடே தெரியாமல் வீட்டை ஒழித்துக் காட்ட வேண்டும். இங்கே அதைச் செய்து பாருங்கள்: முருகன் படத்தைக் கழற்றிய இடத்தில் ஆணியும், சுற்றிலும் விளக்குப் புகை படிந்து நடுவில் வெளுத்த ஒரு சதுரமும் நிற்கும். சாமியே கிளம்பிவிட்ட வீட்டில் யார் குடியேறுவார்? விசைத்தறியைக் கழற்றிப் போடுவது அதைவிட மோசம். 2023 முதல் விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் மின்சாரம் இலவசம். தறி ஓடும் வீட்டைத் தேடும் நெசவாளர் வெள்ளையைப் பார்ப்பதற்கு முன்பு மீட்டர் பெட்டியைத்தான் பார்ப்பார். தறியைத் துடைத்து, ஓடவிட்டுக் காட்டுவதே போதும். ஒரு பைசா செலவில்லை.

ஊருக்கே தெரிந்த சாக்கினால் என்ன பயன் என்பது வலுவான மறுப்பு. சாக்கு நம்பப்படுவதற்காகச் சொல்லப்படுவதில்லை என்பதே விடை. “வீட்ட குடுக்கறீங்கன்னு சொன்னாங்களேண்ணா?” என்று மோர் குடித்தபடி ஒருவர் கேட்க, “யாருப்பா சொன்னது? போகிக்கு அடிச்சோம்” என்று மற்றவர் வியக்க, இருவரும் உண்மையறிந்தே பேரத்தைத் தொடங்குகிறார்கள். விற்கிறேன் என்று முதலில் ஒப்புக்கொண்டவர் விலையை இழந்தார். இந்த மரியாதைக்கு விதிவிலக்கு பத்திரம் மட்டும். இவ்வட்டாரம் 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்ததால், பழைய தாய்ப்பத்திரம் தெலுங்கில் இருந்தாலும் வியப்பில்லை. அதற்குச் சாக்கு செல்லாது. வில்லங்கச் சான்றும் பட்டாவும் தயாராக இருக்க வேண்டும்.

புரட்டாசியில் திடீரென்று பணமுடை வந்தால் என்ன செய்வது? பெண் பார்க்க வருகிறார்கள் என்று சொல்லலாம். வீட்டில் பெண் இருக்க வேண்டும். பாதுகாப்பானது காதுகுத்து. சொந்தப் பிள்ளைகூடத் தேவையில்லை, அக்கா தங்கை பிள்ளை போதும். மடியில் உட்கார்த்தி வைப்பவர் தாய்மாமன் என்பதால், அவர் தன் வீட்டுக்கு ஏன் வெள்ளையடித்தார் என்று கேட்க ஊரில் ஒருவருக்கும் உரிமை கிடையாது.